பையில் கொஞ்சம் இடம்

(வானொலியில் ஒலிபரப்பான ஞாயிறு சிந்தனையின் எழுத்து வடிவம். பொதுக்காலம் 15-ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு. நற்செய்தி: மாற்கு 6:7-13)



இன்னும் ஆறு ஏழு வாரங்களில் வேளாங்கண்ணியில் கொடி ஏறிவிடும். ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 அன்னையின் பிறப்பு விழா. உங்களில் சிலர் இப்போதே நடைப்பயணத்துக்குப் பெயர் கொடுத்திருப்பீர்கள். எந்தத் தேதியில் புறப்படுவது, முதல் நாள் இரவு எங்கே தங்குவது என்றெல்லாம் பேசி முடித்த பிறகு, கடைசியாக வீட்டில் ஒரு கேள்வி எழும். "பையில் என்னென்ன வைக்கிறது?"

சாதாரணக் கேள்விதான். ஆனால் இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் இயேசு இந்தக் கேள்வியைத்தான் கையில் எடுக்கிறார். பன்னிருவரையும் இருவர் இருவராக அனுப்புகிறார். போகிற இடத்தில் என்ன பேச வேண்டும் என்று அவர் கற்றுக்கொடுத்ததாக மாற்கு இந்த இடத்தில் எழுதவில்லை. ஆனால் எதை எடுத்துப் போகக் கூடாது என்பதை ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறார். உணவு வேண்டாம், பை வேண்டாம், இடைக்கச்சையில் காசு வேண்டாம், இரண்டாவது அங்கி வேண்டாம். கைத்தடி இருக்கலாம், காலில் மிதியடி இருக்கலாம். அவ்வளவுதான்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? வறுமையைக் காட்டி மக்களைக் கவர்வதற்காகவா? துன்பப்படட்டும் என்றா? இதற்கு எனக்குப் பதில் கிடைத்தது வகுப்பறையில் அல்ல. தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் போகும் சாலையில். அதை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அப்போது நான் குருமட மாணவன். விடுமுறையில் வந்திருந்த என்னை, திருச்சியிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்து போகும் ஒரு குழுவோடு பங்குத்தந்தை அனுப்பிவைத்தார். ஏறக்குறைய 150 கிலோமீட்டர், ஐந்து நாள் நடை. எனக்கு அது முதல் நடைப்பயணம். ஒரு பெரிய பை வாங்கினேன். வீட்டில் ஆளாளுக்கு ஒன்று எடுத்துக் கொடுத்தார்கள். மழை வந்தால் என்று இரண்டு தடித்த டர்க்கி டவல். குளிர்ந்தால் என்று ஒரு ஸ்வெட்டர். ஆகஸ்ட் மாதத் தஞ்சாவூரில் ஸ்வெட்டர்! பசித்தால் என்று ஆறு பிஸ்கட் பாக்கெட். நாலு செட் துணி, இன்னொரு ஜோடி செருப்பு, டார்ச் லைட், அதற்கு மாற்று பேட்டரி, வழியில் படிக்க என்று இரண்டு தடித்த புத்தகங்கள். புறப்படும் முன் தெருமுனைப் பழைய பேப்பர் கடைத் தராசில் விளையாட்டாக வைத்துப் பார்த்தேன். பதினோரு கிலோ. அன்று என் எடையே ஐம்பத்தெட்டு கிலோதான்.

எங்கள் குழுவில் கட்டட வேலை செய்யும் பெரியவர் ஒருவர் இருந்தார். வயது அறுபதை ஒட்டி இருக்கும். அவர் கையில் இருந்தது துணிக்கடையில் கொடுக்கும் ஒரு மஞ்சப்பை. அதில் ஒரு வேட்டி, ஒரு சட்டை, ஒரு துண்டு, ஜெபமாலை, பிரஷர் மாத்திரை. "ஐயா, இவ்வளவுதானா?" என்று கேட்டேன். "போற வழியெல்லாம் மனுசங்கதானே பிரதர் இருக்காங்க" என்றார்.

முதல் நாள் துவாக்குடி தாண்டும்போதே தோள்பட்டை எரிய ஆரம்பித்தது. இரண்டாம் நாள் வல்லம் வரும்போது உள்ளங்காலில் கொப்புளம். சுமை கூடக் கூட, கால் செருப்புக்குள் அதிகம் அழுந்தும். அழுந்த அழுந்தக் கொப்புளம் உடையும். தஞ்சாவூருக்கு அப்புறம் சாலியமங்கலம் அருகே நான் சாலையோரம் உட்கார்ந்துவிட்டேன். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. என் பையை எடுத்துத் தன் வலது தோளில் போட்டுக்கொண்டார். தன் மஞ்சப்பையை என் கையில் கொடுத்தார். நான் ஒப்புக்கு ஒரு முறை மறுத்துவிட்டு, ஒத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

அன்று இரவு நீடாமங்கலம் பக்கம் தங்கினோம். மாலையில் நல்ல மழை. எல்லாரும் நனைந்துவிட்டோம். நான் என் பையைத் திறந்தேன், பிளாஸ்டிக் கவரில் சுற்றிய உலர்ந்த துணியை மாற்றினேன், என் பிஸ்கட்டைத் தின்றேன், என் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன். பெரியவரின் மாற்று வேட்டியும் பையோடு நனைந்திருந்தது. பக்கத்து வீட்டுக்குப் போய், "அம்மா, கட்டிக்க ஒரு துணி கிடைக்குமா?" என்று கேட்டார். அது இந்துக் குடும்பம். அந்த அம்மா தன் மகனின் கைலியைக் கொடுத்தார். உட்காரவைத்துச் சுடுசோறும் ரசமும் போட்டார். அந்த மகன் வெளிநாட்டில் வேலைக்குப் போயிருந்தானாம், மூன்று மாதமாக அவனிடமிருந்து போன் இல்லையாம். "வேளாங்கண்ணிக்குத்தானே போறீங்க, எம்புள்ளைக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்துங்க" என்று சொல்லிப் பத்து ரூபாய் கொடுத்தார். பெரியவர் அந்தப் பத்து ரூபாயைத் துண்டு முனையில் முடிந்துகொண்டார்.

அன்புக்குரியவர்களே, அந்த இரவு நானும் அந்த ஊரில்தான் இருந்தேன். அந்த வீட்டிலிருந்து இருபது அடி தூரத்தில் படுத்திருந்தேன். குருவாகப் போகிறவன் நான்தான். ஆனால் அந்தத் தாயின் கவலை என்னிடம் வந்து சேரவில்லை. ஏனென்றால் எனக்கு அவரிடம் கேட்க ஒன்றும் இல்லை. எனக்கு வேண்டிய எல்லாம் என் பையில் இருந்தது.

இன்றைய நற்செய்தி எனக்கு அங்கேதான் விளங்கியது. கொண்டுபோக வேண்டாதவற்றைச் சொன்ன உடனே இயேசு அடுத்து என்ன சொல்கிறார் பாருங்கள். ஒரு வீட்டுக்குள் போனால், அந்த ஊரை விட்டுப் புறப்படும்வரை அங்கேயே தங்கச் சொல்கிறார். இரண்டும் ஒரே பேச்சின் இரண்டு பாதிகள். பை நிறைய இருப்பவன் சத்திரத்தில் தங்கிக்கொள்வான். ஒன்றும் இல்லாதவன்தான் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவான். தட்டினால்தான் அந்த வீட்டில் யார் நோயாகக் கிடக்கிறார், யார் யாரோடு பேசாமல் இருக்கிறார் என்று தெரியும். பன்னிருவரும் நோயாளர் பலருக்கு எண்ணெய் பூசிக் குணமாக்கினார்கள் என்று இன்றைய வாசகம் முடிகிறது. அந்த நோயாளர்களை அவர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? சாப்பாட்டுக்குத் தட்டிய கதவுகளுக்குப் பின்னால் என்றுதான் நான் நினைக்கிறேன்.

நம் மண்ணில் நற்செய்தி அறிவித்த புனித பிரான்சிஸ் சவேரியாரை எண்ணிப் பாருங்கள். இந்தியாவுக்கு வர வேண்டியவர் முதலில் அவர் அல்ல. குறிக்கப்பட்டிருந்த தோழர் நோய்வாய்ப்பட்டதால், 1540 மார்ச் மாதம் அவரை அழைத்துச் சொன்னார்கள். ஓரிரு நாளில் உரோமையை விட்டுப் புறப்பட்டுவிட்டார். அடுத்த ஆண்டு லிஸ்பனில் கப்பல் ஏறும்போது, அரசரின் அலுவலர்கள் பயணத்துக்கு வேண்டியதெல்லாம் தருவதாகச் சொன்னார்கள். ஒரு பணியாளரையும் தர முன்வந்தார்கள். அவர் ஏற்றுக்கொண்டது சில நூல்களும், கடலின் குளிரைத் தாங்க ஒரு முரட்டுக் கம்பளி உடையும் மட்டுமே. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தபோது அவரிடம் தமிழும் இல்லை. உள்ளூர் மக்களை உட்காரவைத்து, அவர்கள் உதவியோடுதான் செபங்களைத் தமிழில் எழுதிப் படித்துக்கொண்டார். கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் பிள்ளைகளைக் கூப்பிட்டார். கொடுக்க வந்தவர் முதலில் கேட்கக் கற்றுக்கொண்டார். அந்த மக்களின் பிள்ளைகள் இன்றும் அவரைத் தங்கள் வீட்டு ஆளாக நினைக்கிறார்கள்.

சரி, இதைக் கேட்டுவிட்டு யாராவது, "சாமி சொல்லிட்டார், இந்த முறை ஒன்றும் எடுத்துப் போகப் போவதில்லை" என்று கிளம்பிவிடாதீர்கள். சர்க்கரை மாத்திரையை வீட்டில் வைத்துவிட்டு வந்து, திருவாரூரில் மயங்கி விழுந்து, குழு முழுவதையும் மருத்துவமனை வாசலில் உட்காரவைப்பது விசுவாசம் ஆகாது. லூக்கா நற்செய்தி 22-ஆம் பிரிவில், இறுதி இரவு உணவின்போது அதே இயேசு, இனிமேல் பணப்பையும் பையும் உள்ளவர் எடுத்துக்கொள்ளட்டும் என்கிறார். காலம் மாறுகிறது, தேவையும் மாறுகிறது. திருத்தூதர் பவுலும் சிறையிலிருந்து திமொத்தேயுவுக்கு எழுதும்போது, துரோவாவில் விட்டுவந்த போர்வையைக் கொண்டுவரச் சொல்கிறார். குளிர்காலத்துக்கு முன் வந்துவிடும்படியும் கேட்கிறார். அவ்வளவு பெரிய அப்போஸ்தலர், "எனக்குக் குளிர்கிறது, என் போர்வை வேண்டும்" என்று கேட்க வெட்கப்படவில்லை. தேவையானதை வைத்துக்கொள்வது தவறு இல்லை. பயத்துக்காக அடுக்குவதுதான் சுமை.

அதனால் பையைப் பற்றி நடைமுறையாகவே கொஞ்சம் பேசுவோம். ஸ்பெயின் நாட்டில் புனித யாக்கோபின் கல்லறை இருக்கும் சந்தியாகோ நகருக்கு உலகெங்கிலுமிருந்து மக்கள் நடந்து போகிறார்கள். பிரான்ஸ் எல்லையிலிருந்து தொடங்கும் பாதை ஏறக்குறைய 780 கிலோமீட்டர், ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அங்கே நடப்பவர்கள் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. முதுகுச் சுமை உங்கள் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அறுபது கிலோ ஆளுக்கு ஆறு கிலோ. வழியில் தங்கும் விடுதிகள் பலவற்றில் ஒரு பெட்டியோ அலமாரியோ வைத்திருப்பார்கள். தேவைக்கு மேல் கொண்டுவந்தவர்கள் அதில் வைத்துவிட்டுப் போவார்கள், தேவைப்படுகிறவர் எடுத்துக்கொள்வார். ஒரு மாத நடைக்கே ஒரு சிறிய முதுகுப் பை போதும் என்றால், நம் ஐந்து நாளுக்கு எவ்வளவு வேண்டும்?

பிள்ளைகளின் ஸ்கூல் பேக் அளவு போதும். உடுத்தியிருப்பது ஒன்று, மாற்றுடை ஒன்று. தங்கும் இடத்துக்கு வந்ததும் ஒன்றைத் துவைத்துக் காயப்போட்டால் ஐந்து நாளுக்கும் அதுவே போதும், ஐம்பது நாளுக்கும் அதுவே போதும். டர்க்கி டவலை விட்டுவிட்டு ஈரிழைத் துண்டு எடுங்கள். கனக்காது, சீக்கிரம் காயும், வெயிலுக்குத் தலையில் போட்டுக்கொள்ளலாம். மெல்லிய போர்வை ஒன்று. முழு சோப்புக்குப் பதில் பாதி சோப்பு. மருத்துவர் எழுதிய மாத்திரைகளும் அந்தச் சீட்டும் கட்டாயம். இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலம், கொப்புளத்துக்குக் கட்டுப்போடக் கொஞ்சம் சுத்தமான துணி, ஆதார் நகல், வீட்டு போன் எண் எழுதிய தாள், ஜெபமாலை. எல்லாவற்றையும் உள்ளே ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுவிட்டால் மழைக்குப் பயம் இல்லை. கனமான பொருள் முதுகை ஒட்டி இருக்கட்டும். வாரை இழுத்துக் கட்டுங்கள், பை இடுப்புக்குக் கீழே தொங்கக் கூடாது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ கனம். ஒரு பாட்டில் வைத்துக்கொண்டு வழியில் நிரப்பிக்கொள்ளுங்கள். நம் சாலைகளில் நடைப்பயணிகளுக்கென்றே பந்தல் போட்டுத் தண்ணீரும் நீர்மோரும் கொடுக்கிறார்கள். அதை வாங்கிக் குடிப்பதும் அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதைதான்.

புறப்படும் முன்தினம் எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பிவைத்து, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் கேளுங்கள். "இது என் தேவையா, என் பயமா?" இரண்டுக்கும் வித்தியாசம் உங்களுக்கே தெரியும். பயம் எப்போதும் "ஒருவேளை" என்று தொடங்கும். ஒருவேளை குளிர்ந்தால், ஒருவேளை கிடைக்காவிட்டால், ஒருவேளை யாரும் கொடுக்காவிட்டால்.

இதில் எனக்கும் பங்கு உண்டு. மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. குருவான பிறகு முதல் மாற்றலுக்கு ஒரு டிரங்குப் பெட்டியோடு பேருந்தில் போனேன். கடைசி மாற்றலுக்கு ஒரு குட்டியானை வண்டி பிடிக்க வேண்டியதாயிற்று. உபதேசியாரும் பீடச் சிறுவர்களும் அரை நாள் சுமந்து ஏற்றினார்கள். அவற்றில் நான் இன்னும் பிரிக்காத அட்டைப்பெட்டிகள் மூன்று இருக்கின்றன. வீட்டிலும் இப்படித்தான். "ஒருவேளை" என்று நாம் சேர்ப்பதை எல்லாம் கடைசியில் யாராவது ஒருவர் சுமக்கிறார். பெரும்பாலும் அந்த ஒருவர் நம் மனைவி, நம் தாய், வீட்டு வேலைக்கு வரும் அக்கா.

மீண்டும் அந்தச் சாலைக்கு வருகிறேன். ஐந்தாம் நாள் மாலை வேளாங்கண்ணி வந்துசேர்ந்தோம். பெரியவர் அந்தப் பத்து ரூபாயை அவிழ்த்து மெழுகுவர்த்தி வாங்கினார். உயரத்தில் இருந்த தட்டில் அதை ஏற்றிவைக்கக் கையைத் தூக்கினார். கை தோளுக்கு மேல் எழவில்லை. இடது கையை ஊன்றித் தூக்கப் பார்த்தார், அதுவும் முடியவில்லை. உடன் வந்த அவர் உறவினர்தான் என்னிடம் சொன்னார். சில வருடங்களுக்கு முன் சாரத்திலிருந்து விழுந்து இடது தோள் முறிந்தவராம் அவர். அந்தக் கையால் கனம் தூக்கவே முடியாதாம். அதனால்தான் இரண்டு நாளும் என் பையைத் தோள் மாற்றாமல் வலது பக்கமே சுமந்திருக்கிறார். இப்போது அந்தத் தோளும் வீங்கியிருந்தது.

அந்த மெழுகுவர்த்தியை நான் வாங்கி ஏற்றினேன். பிறகு ஓர் ஓரமாகப் போய் என் பையைத் திறந்து பார்த்தேன். ஸ்வெட்டரைத் தொடவில்லை. இரண்டாவது டவலைப் பிரிக்கவில்லை. புத்தகங்களில் ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை. என் பயங்களை எல்லாம் ஒரு முறிந்த தோள்காரர் இரண்டு நாள் சுமந்திருக்கிறார். அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "அட விடுங்க பிரதர், அடுத்த தடவ சின்னப் பையா எடுத்துட்டு வாங்க" என்றார். அவ்வளவுதான் அவர் எனக்குத் தந்த தண்டனை.

என் குருத்துவத் திருநிலைப்பாட்டுக்கு அவரும் வந்திருந்தார். அதே மாதிரி ஒரு மஞ்சப்பை. அதிலிருந்து ஒரு புது ஈரிழைத் துண்டை எடுத்து என் கையில் கொடுத்து, "சாமி, இது கனக்காது" என்று சொல்லிச் சிரித்தார். அவர் இப்போது இறைவனிடம் போய்விட்டார். ஒவ்வொரு ஆண்டும் நடைப்பயணத்துக்கு நான் எடுத்துவைக்கும் முதல் பொருள் அந்தத் துண்டு. இன்று அது நைந்துபோய்விட்டது. ஆனாலும் விடவில்லை.

அன்புக்குரியவர்களே, இந்த ஆண்டு நடக்கப் போகிறவர்கள், நடக்க முடியாமல் பேருந்திலோ ரயிலிலோ போகிறவர்கள், எங்கும் போகாமல் வீட்டிலிருந்து செபிக்கிறவர்கள், எல்லாருக்கும் ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் பையை நிரப்பி முடித்த பிறகு, மேலே ஒரு கை அளவு இடத்தைக் காலியாக விடுங்கள். வழியில் நடக்க முடியாத ஒருவரின் தண்ணீர் பாட்டிலை அங்கே வாங்கி வைத்துக்கொள்ளலாம். யாராவது ஒரு தாய் தரும் பத்து ரூபாயையும் அவர் கவலையையும் அங்கே வைத்துக்கொண்டு போகலாம். அந்த மகனிடமிருந்து பிறகு போன் வந்ததா என்று எனக்குத் தெரியாது. அவனுக்காக இன்றும் வேண்டிக்கொள்கிறேன். நீங்களும் வேண்டிக்கொள்ளுங்கள்.

செபிப்போம். ஆண்டவரே, உம் சீடர்களை வெறுங்கையோடு அனுப்பி, வீடுகளின் கதவுகளை அவர்களுக்குத் திறந்தீரே. எங்களுக்குத் தேவையானதைத் தாரும். தேவையில்லாததை இறக்கிவைக்கத் துணிவு தாரும். எங்கள் சுமையை எங்களுக்குத் தெரியாமலே சுமக்கிறவர்களைக் காண எங்கள் கண்களைத் திறந்தருளும். கேட்பதற்கு வெட்கப்படாத மனதையும், கேட்பவருக்குக் கொடுக்கும் கையையும் எங்களுக்குத் தந்தருளும். ஆரோக்கிய அன்னையே, வழிநடக்கும் உம் பிள்ளைகளுக்குத் துணையாய் இரும். ஆமென்.

எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார் உங்களை நிறைவாக ஆசீர்வதிப்பாராக. போகும் வழியெல்லாம் உங்களுக்கு நலமாக அமையட்டும்.